ஆள்காட்டி விரல்

“கொஞ்சம் அக்கட்டால நில்லுங்கம்மா, சுகர் பாக்கோணும்” என்றாள் நர்ஸ் உம்மல் குல்சும். பாப்பாயி, கணவரின் வலது கையைப் போர்வைமேல் வைத்துவிட்டு விலகினாள். சேலைக்குள் செருகியிருந்த சின்ன டப்பா இடுப்பில் அழுத்தியது.

நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சால் அவருடைய ஆள்காட்டி விரலை ஒரு இழுப்பு இழுத்து, குத்தி, ரத்தத்தை மிஷினில் வைத்தாள்.

“நானூத்தி எம்பத்தாறா? ஒரு மணி நேரத்துக்கு முன்னால நூத்தி எழுவதுதானே இருந்துச்சு!”

உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். பார்வை நேரமும் முடிந்திருந்ததால் பாப்பாயி வெளியே வந்தாள்.

அவள் கணவர் பாலுசாமி அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று நாளாகிறது. கிணத்துக்கடவுத் தோப்பில் பாழாய்ப்போன தென்னைமட்டை காலில் குத்திய புண். பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர் அல்லவா, சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. வாயில் குழாய், நினைவில்லாமல் கிடந்தார். மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்து, அதற்குத் தக்கபடி மிஷின் வழியாக இன்சுலினைக் கூட்டிக் குறைத்தார்கள்.

“என்னம்மா சொன்னாங்க?” என்று மகன் மோகன்குமார் எழுந்து வந்தான்.

“சுகர் ஏறிப்போச்சாமா கண்ணு. மருந்தக் கூட்டறாங்க.”

நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை இழுத்தபோது விரல் பிசுபிசுத்தது. பழனிப் பஞ்சாமிர்தம்.

மனுசர் வருசா வருசம் பழனிக்கு நடந்தே போய்வருவார். வந்ததும் டப்பாவைத் திறந்து, கரண்டியெல்லாம் கேட்காமல், ஆள்காட்டி விரலால் தோண்டி நக்குவார். “பிரசாதத்துக்கெல்லாம் சுகர் ஏறாது புள்ள” என்று வியாக்கியானம் வேறு. இன்று காலை பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்தாயி பழனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தாள். உள்ளே எதையும் எடுத்துப் போகக்கூடாது என்று மோகன் நூறு தடவை சொல்லியிருந்தான். குழாய் இருக்கிற வாயில் எப்படி வைப்பது? வாசமாவது தெரியட்டுமே என்று, அவர் விரலிலேயே துளி தடவி மூக்கருகே பிடித்தாள். நர்ஸ் வருவதைப் பார்த்ததும் அவசரமாக முந்தானையால் துடைத்தாள். அவ்வளவுதான்.

பிசுபிசுத்த விரலைத் திரும்பப் பார்த்தாள். ஒருமுறை வீட்டில் சப்போட்டா தின்ற கையோடு பார்த்தபோது மிஷின் முந்நூறைத் தாண்டிக் காட்டியது. கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் நூற்றைம்பது. இப்போதும் ஏறியிருப்பது ரத்தத்தில் இல்லை, விரலில்தான். இன்சுலின் அதிகமாகிச் சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். வீடென்றால் வேர்த்து நடுங்குவார், சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுப்பாள். இங்கே நினைவில்லாமல் கிடக்கிறவர் யாரிடம் சொல்வார்?

சொன்னால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த யோசனையில் ஒரு நிமிடம் போய்விட்டது. பிறகு ஓடிப்போய் ஐ.சி.யூ. கதவைத் தட்டினாள்.

“ஏனுங் சிஸ்டர்! மருந்தக் கூட்டாதீங்க! அவரு விரல்ல நாந்தானுங்க பஞ்சாமிர்தத்தத் தடவிப்போட்டேன்!”

நர்ஸ் உள்ளே ஓடினாள். திரும்பி வர நேரமாயிற்று.

“அந்தக் கையக் கழுவிப்போட்டு, அடுத்த கையிலயும் பாத்துட்டேனுங்க. நூத்தி அறுவத்தெட்டு. மருந்து பழையபடி வெச்சாச்சு. நானும் தண்ணி போட்டுத் தொடச்சிருக்கோணும். நல்லவேளை, சொல்லிப்போட்டீங்க.”

மோகன்குமாரின் முகம் சிவந்தது. “உனக்கு அறிவிருக்குதாம்மா? அப்பாவக் கொல்லப் பாத்தியா?” என்று கத்திவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போனான். பாப்பாயி டப்பாவை எடுத்துத் துணிப்பையின் அடியில் போட்டாள்.

மாலை நாலு மணிக்குப் பாலுசாமி போய்விட்டார். இறங்கிய பிரஷரை எந்த மருந்தாலும் ஏற்ற முடியவில்லை.

“என்னாலயாங்க?” என்று கேட்டாள் பாப்பாயி.

உம்மல் குல்சும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லீங்கம்மா. கடைசி வரைக்கும் பாத்துட்டேதான் இருந்தேன், சுகர் கொறையவே இல்லீங்க. கால்ல ஏறுன விஷந்தான்.”

மோகன்குமாரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஆனாலும் ஆம்புலன்ஸ் கிணத்துக்கடவு போய்ச் சேரும்வரை அம்மா பக்கம் திரும்பவில்லை. அவள், போர்வைக்கு வெளியே கிடந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை குளிப்பாட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, வாசலில் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். பாப்பாயியின் முறை வந்தபோது மோகன்குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையில் அந்த டப்பா. துணிப்பையைக் கிளறி எடுத்திருக்கிறான். மூடியையும் அவனே திறந்தான்.

“நீயே வெச்சு உடும்மா” என்றான். தேம்பினான்.

பாப்பாயி விரலால் தோண்டி அவர் உதட்டில் வைத்தாள். பிறகு முந்தானை நுனியைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து, குத்திக் குத்திக் கறுத்திருந்த அந்த ஆள்காட்டி விரலை நகக்கண் வரை துடைத்தாள்.

“போதும் அம்மணி, நேரமாகுது” என்றார் யாரோ.

அவள் மறுபடியும் முந்தானையை நனைத்தாள்.