கண்ணாடிச் சுவர் வைத்த வீடு

கணவர் நெவில் சாவதற்கு ஒரு வீடு தேடுகிறோம் என்று கிளெனிஸால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கேட்டவர்களிடம், "இன்னும் வீடுதான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றாள்.

அது பொய்யுமில்லை. ஒரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் மெல்போர்னின் கடற்கரைப் புறநகர்களில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஐம்பதுகளில் கட்டிய வீடுதான் வேண்டும்: தட்டைக் கூரை, வெளியே நீண்ட உத்திரங்கள், தோட்டத்தைப் பார்த்து முழுக் கண்ணாடிச் சுவர். கல்யாணமான புதிதில் அப்படி ஒன்றில்தான் குடியிருந்தார்கள். பள்ளியில் புவியியல் நடத்திய நெவில் விடுமுறைகளில் தானே ஏணி போட்டு அதைப் புதுப்பித்தார். கூரைக்கு அடியில் இருந்த தகடுகளை அறுத்தார், தேய்த்தார்.

அறுபத்திரண்டாவது வயதில் மூச்சு வாங்கத் தொடங்கியது. மார்ச்சில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பெஸ்டாஸ் தூள். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்று.

"இனிமே எதுக்கு நெவில் வீடு? அதுவும் இந்த மாதிரி வீடு?"

"வீடு என்னை ஒண்ணும் பண்ணல, கிளெனி. நாந்தான் போய் அதை அறுத்தேன். தொடாம விட்டா அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த மூணாவது மாடி ஃபிளாட்டுல எதிர்வீட்டுக் குழாயைப் பாத்துக்கிட்டே போய்ச் சேர எனக்குப் பிடிக்கல. மரம் தெரியணும்."

போமாரிஸ் என்ற புறநகரில் அந்த மரம் கிடைத்தது. வளைந்து படர்ந்த கடலோர மரங்களுக்கு நடுவே தாழ்வான வீடு. நெவில் கண்ணாடியருகே போய் நின்றவர் நகரவே இல்லை.

வீடு பார்க்க இன்னொரு குடும்பமும் வந்திருந்தது. ஜாரட் என்ற இளைஞன், அவன் மனைவி, அவள் மார்பில் கட்டியிருந்த பெண்குழந்தை. ஜாரட் துணி துவைக்கும் அறையின் சுவரைத் தட்டிப் பார்த்தான்.

"இதை எடுத்துட்டா சமையலறை எவ்வளவு பெருசாயிடும் பாரு! ஆளே வேணாம். நானே பிச்சுப் போட்டுடுவேன்."

நெவில் திரும்பினார். "பிக்காதீங்க தம்பி. அது ஆஸ்பெஸ்டாஸ். கூரைக்கு அடியில இருக்கறதும் அதான். நானும் இப்படித்தான் பண்ணேன். என் மூச்சைக் கேளுங்க."

ஜாரட் சிரித்தான். "நல்லாருக்கே பெரியவரே! எல்லாரும் பயந்து ஓடிட்டா, ஏலத்துல நீங்க மட்டும் நின்னு சல்லிசா தட்டிக்கிட்டுப் போயிடலாம், இல்ல?"

வீட்டைக் காட்டிய தரகுப் பெண்ணும் சிரித்து வைத்தாள். "பழைய வீடுன்னா எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்."

ஏலம் வீட்டு வாசல் புல்தரையிலேயே நடந்தது. கடைசியில் ஜாரட் குடும்பமும் இவர்களும்தான் மிஞ்சினார்கள். இன்னொரு முறை விலையை ஏற்றிக் கேட்க நெவிலிடம் வசதி இருந்தது. நெவிலுக்கு இருமல் பொங்கிக்கொண்டு வந்தது. குனிந்தபடியே கிளெனிஸைப் பார்த்து, கேள் என்று தலையசைத்தார். அவர் போன பிறகு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். அவள் கை எழவில்லை. சுத்தியல் விழுந்தது. ஜாரட் மனைவியைத் தூக்கிச் சுற்றினான்.

காரில் நெவில், "அவன் பிக்கத்தான் போறான்" என்று மட்டும் சொன்னார்.

ஜூனில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அந்தத் தெரு வழியாகப் போகச் சொன்னார். முன்தோட்டத்தில் உடைந்த தகடுகள் குவிந்து கிடந்தன. ஜாரட் முகத்தில் ஒன்றும் கட்டாமல் ஏணியில் நின்று நெம்பிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளிக் குழந்தையின் தள்ளுவண்டி. அதன் மூடாக்கில் மாவு சலித்ததுபோல வெள்ளை.

கிளெனிஸ் ஓடிப்போய் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினாள். உள்ளேயிருந்து ஜாரட்டின் மனைவி கத்திக்கொண்டு வந்தாள். "ஏய்! என் பிள்ளையை எங்க தள்ளிட்டுப் போறீங்க?"

நெவிலால் வேலி வரைக்கும்தான் நடக்க முடிந்தது. சட்டையைத் தூக்கி, நீர் வடிய விலாவில் சொருகியிருந்த குழாயைக் காட்டினார். "இப்ப ஏலம் ஒண்ணும் இல்லையே தம்பி. நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

ஜாரட் மெதுவாக இறங்கினான்.

"எவ்வளவு முடிச்சீங்க?"

"முக்கால்வாசி."

நெவில் வேலியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிளெனிஸ்தான் பேசினாள். "போட்டிருக்கிற துணியை வீட்டுல துவைக்காதீங்க. குழந்தைக்கு உடனே தலைக்கு ஊத்துங்க."

அந்த வாரமே உடம்பு முழுக்க வெள்ளை உறை மாட்டிய ஆட்கள் வந்து வீட்டை மூடி முத்திரை வைத்தார்கள். நெவில் ஆகஸ்டில், மூன்றாவது மாடியிலேயே இறந்தார்.

இறுதிச் சடங்குக்கு ஜாரட் வந்திருந்தான். எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கிளெனிஸிடம் வந்தான்.

"நோய் வருமா வராதான்னு எப்பத் தெரியும்?"

"இவருக்கு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"டாக்டர்கிட்ட போனோம். இப்பப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

"முடியாதுதான். நிறையப் பேருக்கு வர்றதே இல்ல, ஜாரட்."

"அவளுக்கு இன்னும் ஒரு வயசுகூட ஆகல."

அவன் தேநீரைத் தொடாமல் வைத்துவிட்டு வெளியே போனான். கிளெனிஸ் சன்னல் வழியாகப் பார்த்தாள். காரின் பின்னிருக்கையில் அவன் மனைவி குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை துப்பிவிட்டுச் சிரித்தது. ஜாரட் கதவின் பிடியில் கை வைத்தபடி, திறக்காமல், வெகுநேரம் நின்றான்.