அமாவாசை மறுநாள் வயிற்றுவலி

செஞ்சியில் பாதிப் பேர் என்னை நர்சு என்று நம்புகிறார்கள். மீதிப் பேர் டாக்டர் என்றே நம்புகிறார்கள். இரண்டும் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில் சீட்டு எழுதும் வேலைக்குச் சேர்ந்தவள் இந்த ஜெயசுதா. டாக்டர் ஊசி போடுவதைப் பார்த்து ஊசி போட்டேன். அவர் நரம்பு தேடுவதைப் பார்த்து நரம்பு தேடினேன். இந்த இருபத்திரண்டு வருடத்தில் கோட்டைப் படியில் வெயிலுக்கு மயங்கி விழுந்தவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், வயலில் மல்லாக்கொட்டைச் செடி பிடுங்கும்போது பாம்பு கடித்துக் கால் வீங்கி வந்தவர்கள் என்று எல்லோரையும் பார்த்தாகிவிட்டது. டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார். அதுவரை கிளினிக் என்றால் நான்தான். அதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

போன ஆடி மாதம் அனு வந்து சேர்ந்தாள். வல்லத்துப் பெண், மூன்று வருடம் முறையாக நர்சிங் படித்தவள். எதற்கெடுத்தாலும் "எங்க வளர்மதி மேடம் சொல்லுவாங்க" என்பாள். அந்த மேடத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பிடிக்காமல் போனது. எனக்கு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த எரிச்சல்தான், வேறொன்றுமில்லை.

அமாவாசைக்கு மறுநாள் எங்கள் கிளினிக்கில் கூட்டம் அலைமோதும். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு, கண்டதைத் தின்று, வெட்டவெளியில் படுத்து எழுந்து, ஸ்பெஷல் பஸ்ஸில் நசுங்கி வந்து இறங்குகிறவர்களில் பத்துப் பேருக்காவது வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ். மத்தியானத்துக்குள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆவணி அமாவாசைக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு அசீசுன்னிசா தன் மகன் அர்ஷத்தை அழைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம். அர்ஷத்துக்கு இருபத்தாறு வயது. அமாவாசைதோறும் மலையனூரில் வளையல் கடை போடுவான். வியாபாரம் முடிந்ததும் கடைக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொள்வான்.

"வயிறு முறுக்குது ஆன்ட்டி. ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டேன்."

"நேத்து இன்னாடா துன்ன?"

"பரோட்டா."

"அதான பாத்தேன். போய்ப் படு."

அசீசுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீ பாத்தா எனக்கு டென்ஷன் இல்லம்மா" என்றாள்.

அனு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை மருந்து அலமாரிப் பக்கம் இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவருக்கு ரெண்டு கண்ணு இமையும் தொங்குது."

"நைட்டு முச்சூடும் கடையில நின்னவனுக்கு வேற எப்படி இருக்கும்?"

"இல்லக்கா. தரையில படுத்து எழுந்தவங்க காலையில வயித்துவலின்னு வந்தா கட்டுவிரியன் கடியா இருக்கலாம்னு மேடம் சொல்லுவாங்க. கடிச்சதே தெரியாதாம். வீங்காதாம், பல்லு பட்ட எடங்கூட இருக்காதாம். கண்ணு இமையத்தான் பாக்கணுமாம். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாங்க்கா."

நான் போய் அர்ஷத்தின் கால் இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். கைகளைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பாம்புக்கடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"உங்க மேடம் ஒரு அமாவாசைக்காவது இங்க வந்து உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"டாக்டருக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேக்கலாமே."

"வயித்துவலிக்கெல்லாம் அவர எழுப்பினா அப்பறம் நான் எதுக்கு இங்க?"

அனு ஊசி மருந்தை எடுத்து நீட்டினாள். ஊசி போட்டேன், குளுக்கோஸ் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அர்ஷத் கண்ணை மூடிக்கொண்டான். "பாத்தியா, ஊசி கேட்டுடுச்சி, தூங்கறான்" என்று அனுவின் காதுபடச் சொன்னேன். அவன் தூங்கவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்திருக்கிறான். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

எட்டேகாலுக்கு அனு கத்தினாள். ஓடினேன். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அவனால் விழுங்க முடியவில்லை. என்னவோ சொல்ல வந்தான், நாக்கு புரளவில்லை. நெஞ்சு பாதிதான் ஏறி இறங்கியது. அனு என்னைக் கேட்காமலே 108க்கு ஃபோன் போட்டாள், அவளே அம்மாவையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி நான் போகவில்லை. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை.

வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மத்தியானம் அனு திரும்பி வந்து, "கட்டுவிரியன்தானாம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். என்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, "வந்தப்ப கண்ணு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "கவனிக்கல டாக்டர்" என்றேன். அனு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மத்தியானத்துக்குள் எழுந்து போனார்களே அத்தனை பேர், அவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்று எனக்கு யார் சொன்னது? சரியாகிவிட்டவர்கள் அடுத்த காய்ச்சலுக்குத் திரும்பி வந்தார்கள். வராதவர்களை நான் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை. அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு கிழவர், போகும்போது கண்ணைச் சுருக்கிச் சுருக்கி விழித்தார். அவர் முகம் இப்போது அடிக்கடி வருகிறது. அவர் பெயர்கூடத் தெரியாது, யாரிடம் போய் விசாரிப்பேன்? இதைத்தான் இருபத்திரண்டு வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் எனக்குப் பாடம் நடத்தியிருக்கலாம். அனுவுக்கு நடத்திய பாடம் என் மருந்து அலமாரிப் பக்கமே வந்து நின்றது, அதன் வாயை நானே அடைத்தேன்.

அர்ஷத்துக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த வாரத்தில் அசீசுன்னிசா பிரஷர் மாத்திரைக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வேறு கிளினிக்குக்குப் போயிருக்கலாம். என்னிடம்தான் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு பெரியாஸ்பத்திரில சொன்னாங்கம்மா. நீ சொல்லு, நான் லேட்டா இட்டாந்துட்டனா?"

அவள் வந்தது ஆறரைக்கு. வண்டி வந்தது எட்டரைக்கு. நடுவில் இருந்த இரண்டு மணி நேரம் என்னுடையது. 'நீங்க லேட்டு இல்ல பாயம்மா' என்று மட்டும் சொன்னால் போதும். வாய்வரை வந்தது. பிறகு இந்த நாற்காலி, இந்த ஊர், இந்த வேலை எல்லாம் கண்முன் வந்தது. சீட்டில் அவள் பெயரை எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அனு என்னைப் பார்த்தாள். நான் நிமிரவில்லை.

"ஆமாம்மா" என்றாள் அனு. "இன்னும் கொஞ்சம் முன்னாடி இட்டாந்திருக்கணும்."

குரல் நடுங்கவில்லை. மூன்று வருடம் அந்த மேடம் கற்றுக்கொடுத்ததை நான் மூன்று மாதத்தில் அழித்துவிட்டு, அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அசீசுன்னிசா என் கையை விட்டாள். "பஸ்ஸ விட்டு எறங்கனவுடனே வலிக்குதுன்னாம்மா. நான்தான் ஒரு டீ குடி, சரியாப் பூடும்னேன்" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.