கறுப்பில் கறுப்பாக ஒரு எண்

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி, அதில் ஹெவி மெட்டல் ராக் இசைத்தட்டுகள். அவர் மனைவியின் தையல் மெஷின் அடுப்படி மூலையில். அவள் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு போகிறவர்களிடம் வாசம் பிடித்து ஊரே வெங்காயம் வதக்குவது யார் என்று கேட்டது.

"உங்க ஆளுங்களோட புதுத் தட்டு வருதுல்ல? நல்லா இருந்தா அலமாரி இருக்கட்டும். இல்லேன்னா அது பரணுக்கு, என் மெஷின் இங்க. தீர்ப்பு நான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டாள்.

மெக்கானிக்குக்கு உள்ளூரப் பயம். அவர் உயிராய் நினைக்கும் அந்த இசைக்குழு வாய் திறந்தே பல வருஷமாகிறது.

தட்டு வந்த அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சினன் முறுக்கிவிட்டான். "எல்லாருக்கும் மூட்டு வலி வந்திருக்கும் மாமா. டிரம்ஸ்காரர் எந்திரிக்கவே ரெண்டு பாட்டு ஆகும்."

"நீ வாயை மூடிட்டு உக்காரு மாப்ள."

கை கழுவித் துடைத்து, தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தார். உறை கறுப்பு. நடுவிலிருந்த லேபிளும் கறுப்பு, எழுத்தும் கறுப்பு. அதை யார் படிப்பது? பெரிய தட்டென்றால் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் ஓடும், அவ்வளவுதான். முள்ளை இறக்கினார்.

நாய் துரத்துவது போல வாசிக்கிற கூட்டம் அது. இப்போதோ டிரம்ஸில் ஒரு அடி விழுந்தது. அடுத்த அடி விழுவதற்குள் ஒரு மனிதன் தன் வாழ்க்கையைப் பிறந்ததிலிருந்து யோசித்துப் பார்த்துவிடலாம். வீட்டைவிடப் பெரிய கதவொன்று திறப்பது போல கிட்டார். பாடகரின் குரல் தரைக்குக் கீழிருந்து வந்தது. லிஃப்ட் குழியின் அடியில் நின்று, இருட்டில் எடைக்கட்டை இறங்கி வருவதை முதன்முதலாக அண்ணாந்து பார்த்த நாளில் மெக்கானிக்குக்கு இப்படித்தான் இருந்தது.

குழாயில் சொட்டவிருந்த தண்ணீர், சொட்டலாமா என்று யோசித்து நின்றது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று அலமாரியோரமாக நகர்ந்து வந்து ஸ்பீக்கர் முன்னால் நின்றது. தெருநாய் வாசல்வரை வந்து, செருப்பைத் தொடாமல் திரும்பிப் போனது. அதன் சரித்திரத்தில் முதல் முறை. மனைவி கையில் கத்திரிக்கோல் திறந்தது திறந்தபடி இருந்தது.

ஒரு பக்கம் முடிந்தது. திருப்பிப் போடலாமென்று மச்சினன் தட்டை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தான்.

"மாமா, இதுல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு."

இரண்டு மாடிக்கு நடுவில் கரண்ட் போன லிஃப்ட் மாதிரி மெக்கானிக் நின்றார். பிறகு, ஏமாற்றிக் கெலிக்க மனசில்லாமல், தானே வேகக் குமிழை நாற்பத்தைந்துக்கு மாற்றி முதலிலிருந்து போட்டார்.

பழைய ஓட்டம், பழைய ஆவேசம். மூட்டு வலியெல்லாம் யாருக்கும் இல்லை. மச்சினன் கால் தாளம் போட்டது. டம்ளர் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

"சொல்லு" என்றார் மெக்கானிக்.

"இது நல்லா ஓடுது" என்றாள் மனைவி. "மொதல்ல போட்டது ஓடலீங்க. வீட்டுக்குள்ள வந்து நின்னுச்சு."

"அப்போ அலமாரி?"

"இருக்கட்டும். மெஷினும் வருது. உங்க சோபாவைப் பரண்ல போடுங்க."

கத்திரிக்கோலை வைத்துவிட்டுத் தன் கையாலேயே வேகக் குமிழை முப்பத்து மூன்றுக்குத் திருப்பினாள். யாரும் சொல்லாமலே மச்சினன் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். முதல் அடி விழுந்தபோது நாய் மறுபடி வாசலுக்கு வந்தது. இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டது.