ராசப்பனின் புகை

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் காடு எரிந்து அணைந்த மறுநாளிலிருந்து ராசப்பன் வாயைத் திறந்தால் புகை வந்தது. பீடிப் புகை இல்லை. பச்சைக் குச்சி எரிகிற கரும்புகை. மரவள்ளித் தோட்டத்து ஓரம் காய்ந்து கிடந்த புல்லுக்கு அவன்தான் தீ வைத்தான். மாசிக் காற்று அதை மேலே கொண்டுபோனது. மூன்றே நாளில் சரிவு முழுக்கக் கரியானது. தீ எப்படி வந்தது என்று வனத்துறையினர் கேட்டபோது எல்லோரும் தெரியாது என்றார்கள். ராசப்பன் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான். அதன்பின் மனைவி சுகந்தியிடம்கூட சைகைதான். சேந்தமங்கலத்து டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருப்பதாகச் சொல்லி இருமல் மருந்து எழுதித் தந்தார்.

சித்திரையில் எரிந்த சரிவில் ஏறியவன், பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் தரையில் ஊற்றினான். மண் அதைக் குடிக்கவில்லை. சேம்பு இலையில் உருளுவதுபோல் உருண்டு கீழே ஓடியது. பெருமழை வந்தால் மண்ணும் கல்லும் ஓடை வழியே இறங்கும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடைக்கரையில் ஆடு வளர்க்கும் இருசாயியின் வீடும் இன்னும் பத்து வீடுகளும் இருந்தன. சொன்னால் புகை வரும். புகையைப் பார்த்தால் யார் வைத்த தீ என்று தெரிந்துவிடும். அவன் சொல்லவில்லை. வைகாசியில் அரைமணி நேரம் பெய்த மழைக்கே கருஞ்சேறு இறங்கி, இருசாயியின் இரண்டு ஆடுகளை இழுத்துப்போனது. அவள் தேடி இறங்கியபோது ராசப்பனும் கூடவே தேடினான், வாயை இறுக மூடிக்கொண்டு.

ஐப்பசியில் வானம் கறுத்த ஒரு மதியம் அவள் வாசலில் போய் நின்றான்.

"இருசாயக்கா, பெருமழை வருதுங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க. மலை எறங்கும். தீ வச்சது நாந்தானுங்க."

வாசல் முழுக்கப் புகை. இருசாயி இருமி முடித்தாள்.

"ஆடு போனப்பவே உனக்குத் தெரியுமா ராசப்பா?"

"தெரியுமுங்க."

அவள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் மலை இறங்கியது. பதினொரு வீடுகளும் புதைந்தன. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ராசப்பனை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

வனத்துறையிடம் அனுமதி வாங்கி, கருகிய மரங்களைச் சரிவின் குறுக்கே கிடத்தி, முளையடித்து, வைக்கோல் பரப்பி, புல்விதை தூவினான். முதலில் தனியாக, பிறகு பத்துப் பேர் வந்தார்கள். இருசாயியும் வந்தாள், அவனோடு பேசவில்லை. மூன்று வருடத்தில் மண் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. புகை நிற்கவில்லை. மாசி பிறந்தால் பக்கத்து ஊர்களில் அவனைக் கூப்பிடுகிறார்கள். புல்லுக்குத் தீ வைக்க வேண்டாம் என்று அவன் சொல்ல, பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கிறார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தில் அவன் பேச எழுந்தால், இருசாயி போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்காருவாள்.