பெயர் விழுந்த மரம்

ஐலாவுக்கு ஆந்தை என்றாலே ஆகாது. அப்படியிருந்தும் மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூஹ்மோ காட்டுக்குள் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு புருஷன் தௌனோவின் பின்னால் அவள் போனாள் என்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான். போன இலையுதிர் காலத்தில் மாரடைப்பு வந்து பிழைத்த மனிதனை, பறவை பறவை என்று பிராணனை விடுகிற வெய்க்கோவை நம்பி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

வெய்க்கோ தெற்கத்திக்காரன். இங்கே பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவன். பறவை பார்ப்போர் சங்கத்தில் தௌனோவுக்குக் கூட்டாளி.

பெரிய சாம்பல் ஆந்தை போன வருஷத்துக் கூட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. தட்டு மாதிரி முகத்தைத் திருப்பி வெய்க்கோவைப் பார்த்தது. ஐலாவையும் பார்த்தது. இருவருக்கும் நடுவில் நின்ற தௌனோவை மட்டும், அங்கே ஆளே இல்லாதது போல, ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"என்னைக் கண்டா அதுக்குப் பிடிக்கல போல," என்றான் தௌனோ.

"கூட்டைக் காட்டிக்குடுத்தவனை எதுக்குப் பிடிக்கும்?" என்று வெய்க்கோ சிரித்தான். ஐலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போகலாம் என்று முதலில் திரும்பியவள் அவள்தான்.

வந்த தடத்திலேயே திரும்பினார்கள். காட்டின் விளிம்பில், வண்டி நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு பெரிய ஊசியிலை ஸ்ப்ரூஸ் மரம். வெய்க்கோ அதைத் தாண்டிப் போனான். ஐலாவும் தாண்டினாள். தௌனோ நின்றுவிட்டான்.

"என்ன, மூச்சு வாங்குதா?" என்றாள் ஐலா.

"அதெல்லாம் இல்ல. கால் வரமாட்டேங்குது."

"சோம்பேறிக்கு எந்தக் கால்தான் வந்துச்சு?" என்றான் வெய்க்கோ.

தௌனோ மரத்தை விட்டு விலகி, சதுப்புப் பக்கமாகச் சுற்றி வரப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இடத்தில், காட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். "நேராத்தானே வந்தேன்," என்றான் குழப்பத்துடன். பனியில் அவன் தடம் நேராக வந்து, மரத்துக்கு நேராக வந்த இடத்தில் வளைந்து, காட்டுக்கே திரும்பிப் போயிருந்தது.

ஐலா ஓடி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். மரத்துக்கு நேரே வந்ததுமே அந்தக் கை சில்லிட்டது. அவன் உதடு நீலம் பாய்ந்தது, மற்ற கை நெஞ்சுக்குப் போனது. ஐயோ என்று அவனைப் பின்னால் தள்ளினாள். இரண்டடி பின்னால் போனதும் முகத்தில் ரத்தம் ஏறிற்று. அப்போதுதான் மரத்தின் மறுபக்கத்தை, காட்டைப் பார்த்த பக்கத்தை, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பக்கக் கிளைகள் எல்லாம் வெட்டப்பட்டிருந்தன. உச்சியில் மட்டும் ஒரு கொத்து. கீழே பட்டையைச் சீவி, தௌனோவின் பெயரும் போன வருஷமும் செதுக்கியிருந்தது.

"யாரு பண்ண வேலை இது?"

"நான்தான்," என்றான் வெய்க்கோ. "கூட்டை முதல்ல பாத்தவன் பேரை மரத்துல செதுக்குறது எங்க சங்கத்து வழக்கம். கிளை டெலஸ்கோப்பை மறைச்சுது, வெட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியில கிடக்கானே, எழுந்து வந்து பாத்தா சந்தோஷப்படுவான்னு..."

"நாசமாப் போச்சு! உயிரோட இருக்கிறவனுக்குக் கர்சிக்கோ பண்ணி வச்சிருக்கியேடா பாவி!"

சவப்பெட்டியைத் தேவாலயத்துக்கு எடுத்துப்போகிற வழியில் இப்படித்தான் ஒரு மரத்தின் கிளைகளைக் கழித்து, இறந்தவர் பெயரையும் வருஷத்தையும் செதுக்குவார்கள் ஐலாவின் ஊரில். வீட்டுக்குத் திரும்பக் கிளம்புகிற ஆவி தன் பெயரைப் பார்க்கும், தான் செத்தது ஞாபகம் வரும், வந்த வழியே போய்விடும். வெய்க்கோ அதை அருங்காட்சியகத்தில் பார்த்ததோடு சரி.

"வண்டியில ரம்பம் இருக்கு. சாய்ச்சிடுறேன்," என்றான் வெய்க்கோ. வண்டிப் பக்கம் திரும்பினான்.

"கையை ஒடிச்சிடுவேன். மரம் போனா அதுல பேர் இருக்கிறவனும் போயிடுவான்."

அவளே இடுப்புக் கத்தியை உருவி, எழுத்துகளைச் சீவி எறிந்தாள். தௌனோ முயன்று பார்த்தான். கால் வரவில்லை. அவனுக்குக் களைத்துவிட்டது. சற்றுத் தள்ளிப் பனியில் உட்கார்ந்து, தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர் கன்னத்தைக் கடிக்க ஆரம்பித்தது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு இங்கே ஒரு ராத்திரி தாங்கமாட்டான்.

ஐலாவுக்கு மிச்சமும் தெரியும். ஒரு பெயர் ஏறிய கர்சிக்கோ, இன்னொரு பெயர் ஏறுகிற வரைக்கும் பழைய ஆளை விடாது. அதை வெய்க்கோவின் காதில் சொன்னாள். கத்தியை நீட்டினாள்.

"உன் பேரைப் போடு."

வெய்க்கோ கத்தியைப் பார்த்தான். அவன் முகம் கோணிற்று. "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, ஐலா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. புருஷன் மேல் அவளுக்கு அத்தனை ஆசை, அவ்வளவுதான் விஷயம். மரத்தின் காட்டுப் பக்கமாக நின்று, தன் பெயரையும் வருஷத்தையும் செதுக்கினாள். வெய்க்கோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"மூடு. இவனைக் கூட்டிட்டுப் போ. திரும்பிப் பாக்க விடாதே," என்றாள் அவனிடம். பிறகு உரக்க, "தௌனோ! இப்ப வந்து பாரு!"

தௌனோ எழுந்து வந்தான். மரத்தைத் தாண்டினான். சும்மா தெருவில் நடப்பது போலத் தாண்டிப் போய், சிரித்தான்.

"பாத்தியா! கால் மரத்துப்போயிருந்துச்சு, வேற ஒண்ணுமில்ல. உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு கதை கட்டிடுவீங்க."

"ஆமாமா, கட்டிடுவோம்."

"நீ வரலையா?"

"கட்டையோட வார் அறுந்துபோச்சு. கட்டிட்டு வரேன். நீ போய் வண்டியைச் சூடு பண்ணு."

"சீக்கிரம் வா. எந்த மாத்திரையை எப்பப் போடணும்னே எனக்குத் தெரியாது."

"நீலம் காலையில. வெள்ளை ராத்திரி."

"சரி சரி."

"சரின்னா? சொல்லு பாப்போம்."

"நீலம் காலையில, வெள்ளை ராத்திரி. போதுமா, டீச்சர்?"

"இன்னொரு தடவை," என்றாள் ஐலா.

அவன் கேலியாகப் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லிக்கொண்டே வெய்க்கோவுடன் போனான். நீலம் காலையில, வெள்ளை ராத்திரி. குரல் கேட்கிற வரைக்கும் அவள் அசையவில்லை. வண்டிக் கதவு சாத்தும் சத்தம் வந்தபோதுதான், ஒரே ஒரு தடவை, மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கிப் பார்த்தாள்.