காலாற நடந்துட்டு வா

தங்கைக்குப் பிரசவம் என்று தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினாள் அக்கா. சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது என்று வந்த நாள் முதல் கை ஓயவில்லை. சனிக்கிழமையானால் மட்டும் தங்கை கரிசனமாகச் சொல்வாள்: "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறியேக்கா. காலாற நடந்து ஊரப் பாத்துட்டு வா."

முதல் தடவை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டாள். எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. கதவின் நிறத்தை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தாள். அடுத்த வாரம் துணிச்சல் வந்தது. தங்கையின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு சலவைக் கடையைத் தாண்டினாள். வழி தவறி, ஒரே மருந்துக் கடையை இரண்டு தரம் சுற்றி வந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஒரு துணிக்கடையில் நுழைந்து சட்டையின் உள்தையலைப் புரட்டிப் பார்த்தாள். பிசிறு தட்டியிருந்தது. 'நான் இப்படித் தைத்துக் கொடுத்தால் மூஞ்சியில் விட்டெறிவார்கள்' என்று நினைத்தபோது மனசு லேசானது. பாஷை தெரியாத ஊரில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவது பெருமையாகக்கூட இருந்தது. தங்கைக்குத் தன்மேல் உயிர். இல்லாவிட்டால் இப்படி யோசித்து அனுப்புவாளா?

ஒரு சனிக்கிழமை பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த பெண் நின்றாள்.

"நீங்க தமிழா? எந்த வீடு?"

அக்கா சொன்னாள்.

"அட, அவங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் ஒரே ஆபீஸ்தான். குழந்தையப் பாத்துக்க ஊர்லேர்ந்து ஆள் வரவழைச்சிருக்கோம்னு சொன்னாங்க. நல்ல கைன்னு ஒரே புகழ்ச்சி. சாயங்காலம் எங்க வீட்டுக்கும் கொஞ்ச நேரம் வர முடியுமா?"

அக்கா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் தங்கையின் மானம் போகும்.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஹாலில் விருந்தாளிகள் குடித்துவிட்டுப் போன எச்சில் காபிக் கோப்பைகள் கிடந்தன. எல்லாச் சனிக்கிழமையும் கிடந்தவைதான். அவளே கழுவிக் கவிழ்த்தவைதான். இன்றுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். விருந்தாளிகள் வந்தார்கள், பூங்காப் பெண்ணும் இருந்தாள். அக்கா காபித் தட்டோடு ஹாலுக்குப் போனாள்.

"இவங்களத்தான் அன்னைக்குப் பாத்தேன்" என்றாள் அந்தப் பெண் தங்கையிடம். "எங்க வீட்டுக்கு வரதப் பத்தி உங்ககிட்ட கேட்டாங்களா?"

தங்கையின் முகம் வெளிறியது. அக்கா தட்டை ஏந்தியபடி காத்திருந்தாள். 'எங்க அக்கா' என்று ஒரு வார்த்தை போதும். எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தாள்.

தங்கை குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தாள். "அவங்களுக்கு இங்கயே வேலை சரியா இருக்கு."

மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனதும் தங்கை அழுதாள். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்கா. அப்புறம் மாத்த முடியல. நீயும் அவங்க எதிர்ல வந்து நிக்கணுமா?"

அக்கா மாப்பிள்ளையிடம் திரும்பினாள். "டிக்கெட்ட முன்னாடி மாத்திக் குடுங்க."

"நீ போயிட்டா பிள்ளைய யார்க்கா பாத்துப்பா?"

"ஆள் வெச்சுக்கோ."

புறப்படும் நாள்வரை அவள் ஒரு வேலையும் குறைவைக்கவில்லை. ஊருக்கு வந்து கடையைத் திறந்த பிறகு தங்கை போன் செய்தாள். அக்கா எடுத்தாள், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள், வைத்துவிட்டாள்.