மாற்றுப் பாதையில் முட்டை வண்டி

விசாரணை அறையில் முட்டை வண்டிக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலை ஆட்டினார், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். தனியார் சாலையின் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வண்டிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட மனு. பேச ஆள் வேண்டும் என்றதும், நல்ல வாயாடி என்று இவரை முன்னால் தள்ளிவிட்டார்கள். மனு தள்ளுபடியானால் இனி அந்தச் சாலைக் கம்பெனி வைத்ததுதான் விலை.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, பக்கத்திலேயே பழைய சாலை இலவசமாகக் கிடக்கிறது, போட்டி இருக்கும்போது விலையில் எதற்குத் தலையிட வேண்டும் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, தினமும் எந்த வழியாக வருகிறீர்கள் என்று கேட்டார்.

"பழைய ரோடுதாங்க. அவங்களுக்குக் காசு அழ எனக்கு மனசு வரலை."

"குண்டும் குழியுமா இருக்குன்னு மனுவுல எழுதியிருக்கீங்க. முட்டை உடையாதா?"

இந்த இடத்தில் மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தொழிலைத் தொட்டுப் பேசிவிட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. "ஒண்ணாவது உடைஞ்சிருக்கான்னு கடைக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. ஓட்டுற கை அப்படி."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். முட்டையே உடையாத சாலை என்றால் அதைவிட நல்ல மாற்றுப் பாதை எங்கே கிடைக்கும்? பின்வரிசையில் தண்ணீர் லாரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். முட்டை வண்டிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரார் பிழைப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த மனைவி எழுந்தாள். தினமும் வண்டியில் கூடவே வருகிறவள்.

"ஐயா, இவர் கையில ஒண்ணுமில்லைங்க. நான் பின்னாடி உக்காந்து அடுக்கை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரேன். அப்பவும் உடையும். கூடுதலா ஒரு தட்டு ஏத்தியிருப்பேன், அதுலேருந்து எடுத்து வச்சு சரிக்கட்டிருவேன். இவருக்குத் தெரியாது."

உடைந்ததை என்ன செய்வாய் என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"வீட்டுல பொரிச்சுப் போட்டுருவேங்க. ஏதுன்னு கேட்டா, மிச்சம்னு சொல்லுவேன்."

அறையே சிரித்தது. இவருக்குக் காது சுட்டது. இத்தனை வருடப் பெருமை சபை நடுவே கப்பலேறிவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மானம் மிஞ்சும், மனு போய்விடும். மனைவியைப் பார்த்தார். நிற்கும்போதும் அவள் கை நோகும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இது உண்மையா என்று அதிகாரி இவரைக் கேட்டார்.

"உண்மைதாங்க" என்றார். "தினமும் ராத்திரி சாப்பிடறேன்."